குறியாக்கம்

குறி + ஆக்கம். 'குறி' என்றால் அடையாளம்; அடையாளம் கண்டு உரைப்பதும் குறிதான். விராலிமலைக் குறவஞ்சியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இவ்வூர்ச் சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாள் (பத்மஸ்ரீ, 2022) ஆடிக் காத்த கலை அது. குறவஞ்சிகளில் குறத்தி தலைவியின் கையைப் பார்ப்பாள். சில ரேகைகள்தான், அவற்றிலிருந்து முழுக் கதையையும் விரித்துவிடுவாள்.

கைப்பேசியும் இதைத்தான் செய்கிறது. டிஜிட்டல் தொலைபேசி முதலில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதி, 64,000 பிட்டுகளை அனுப்பியது. வானலையில் அவ்வளவு இடமில்லை. ஆகவே குரலுக்குப் பதில் அதன் குறிகளை அனுப்பினார்கள்: தொண்டையின் அதிர்வு, வாய்க்குழியின் வடிவம். மறுமுனை அவற்றிலிருந்து குரலைக் கட்டியெழுப்பும். ஒலி பிறக்கும் இடங்களை எட்டாக வகுத்த தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவருக்கு இந்த எண்ணம் அந்நியமாகவே இராது. கான்பூரில் பிறந்த பிஷ்ணு அடல், மான்ஃப்ரெட் ஷ்ரோடருடன் 1985இல் வெளியிட்ட முறைதான் கைப்பேசிக் குரலுக்கு அடித்தளமானது. நொடிக்குச் சுமார் 12,000 பிட்டிலேயே தெளிந்த பேச்சு கிடைத்தது.

விராலிமலை மயிலின் அகவல் போனில் இயல்பாகக் கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம். மனித வாய்க்கென வகுத்த குறிகளுக்குள் மயில் முழுதாக அடங்காது.

இப்படிக் குறிகளாக மாற்றுவதுதான் குறியாக்கம். ஆனால் செய்தியை ரகசியமாக்குவதையும் சிலர் குறியாக்கம் என்றே எழுதுகிறார்கள். அதற்கு 'மறையாக்கம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. இரண்டையும் கலக்காமல் எழுதுங்கள்.