எண்டர்பிரைஸ் விண்கப்பல் உண்மையில் என்ன நிறம்?

'ஸ்டார் ட்ரெக்' பார்த்த ஆட்களிடம் எண்டர்பிரைஸ் விண்கப்பல் என்ன நிறம் எண்டு கேளுங்கோ. அநேகமான ஆட்கள் வெள்ளை எண்டுவினம். கவனமாகப் பார்த்த சிலர் நீலம் கலந்த சாம்பல் எண்டு சொல்லுவினம். அந்தக் கப்பலின் சின்ன மொடலைச் செய்து, பெயின்ற் கலந்து அடிக்கிற ஆட்களிடம் கேட்டால் சண்டைதான் வரும். பார்த்தால் இது சும்மா பொழுதுபோக்குச் சண்டை மாதிரித்தான் இருக்கும். ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு இது நல்லாய்ப் பழகின பிரச்சினை: ஒரே விசயத்துக்குப் பல சாட்சிகள் இருந்து, அவை ஒன்றோடு ஒன்று ஒத்துவராவிட்டால் எதை நம்புவது?

முதலாவது சாட்சி பொருள்தான். மற் ஜெஃப்ரிஸ் வடிவமைத்த அந்தக் கப்பலின் பெரிய மொடல் 1964 டிசெம்பரில் கலிபோர்னியாவில் செய்து முடிக்கப்பட்டது. நீளம் 11 அடிக்கும் சற்று மேல். மரம், தகரம், பிளாஸ்ரிக் எல்லாம் சேர்த்துச் செய்தது. அதற்கு அடித்த பெயின்ற் வெள்ளை இல்லை. மெல்லிய பச்சைச் சாயல் உள்ள வெளிர் சாம்பல்.

அப்படியெண்டால் திரையில் ஏன் வேறு மாதிரித் தெரிந்தது? மொடலை நீலத் திரைக்கு முன்னால் வைத்துத்தான் படம் எடுத்தார்கள். அந்த நீலம் சாம்பல் உடம்பில் தெறிக்கும். பிறகு நட்சத்திரப் பின்னணியோடு சேர்ப்பதற்காகப் படச்சுருளைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்க வேண்டும், ஒவ்வொரு பிரதியிலும் நிறம் கொஞ்சம் விலகும். 1966 செப்ரெம்பர் 8ஆம் திகதி என்பிசி அலைவரிசையில் தொடர் தொடங்கியபோது, வீட்டுக்கு வீடு ரிவியில் நிறத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கவும் முடிந்தது. கப்பலுக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. கப்டன் கேர்க்கின் மஞ்சள் சட்டை எண்டு எல்லாரும் நினைக்கிற வெலூர் சட்டையின் உண்மையான நிறம் அவகாடோப் பச்சை. ஸ்ருடியோ வெளிச்சமும் படச்சுருளும் சேர்ந்து அதைப் பொன்மஞ்சளாக்கிவிட்டன.

1974இல் பெரிய மொடல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அன்பளிப்பாகப் போனது. அங்கே 1974, 1984, 1991 என்று மூன்று தடவை திருத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் பழைய பூச்சுக்கு மேலே புதுப் பூச்சு ஏறியது. 1964இன் நிறம், பின்னால் வந்தவர்களின் விளக்கங்களுக்குக் கீழே போய்விட்டது. மூன்றாவது திருத்தத்தில் உடம்பு முழுக்கக் கட்டங்கள் அழுத்தமாகத் தெரியும்படி பெயின்ற் அடித்ததை இரசிகர்கள் பலர் கடைசிவரை ஏற்கவே இல்லை.

ஒரு இடம் மட்டும் தப்பியது. தட்டு மாதிரி இருக்கிற முன்பகுதியின் மேற்பரப்பில் யாரும் மறுபடி பெயின்ற் அடிக்கவில்லை. 2014இல் நூதனசாலை மொடலைப் பாதுகாப்பு வேலைக்காக எடுத்தபோது இதுதான் முதனிலை மூலாதாரமாக நின்றது. மற்ற இடங்களில் பூச்சுகளைப் படைபடையாகத் தேய்த்து அடியில் இருப்பதைப் பார்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். 1976க்கு முன்னர் மொடலை நேரில் கண்டு எடுத்த படங்கள் இருந்தால் தாருங்கள் எண்டு பொதுமக்களிடமும் கேட்டார்கள்.

ஐம்பது வருசப் பெயின்ற் மங்கியும் மஞ்சளாகியும் போகலாம். அதால் அந்த மேற்பரப்பையும் கேள்வி கேட்காமல் நம்ப ஏலாது. மற்றச் சாட்சிகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். கடைசியில் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு, மிச்ச உடம்பை அதோடு பொருந்துமாறு பூசினார்கள். 2016 யூலையில் மொடல் மீண்டும் காட்சிக்கு வந்தது.

இப்ப வீட்டில் சின்ன மொடல் செய்கிற ஆளுக்கு வருவம். வெள்ளைக்குள் கறுப்பைக் கலந்தால் சாம்பல் வரும், ஆனால் அது நீலப் பக்கம் சாயும். துளி மஞ்சள் விட்டால் பச்சைச் சாயல் எட்டிப் பார்க்கும். அக்ரிலிக் பெயின்ற் பெரும்பாலும் காய்ந்தபிறகு கொஞ்சம் கடும் நிறமாகும், அதால் ஈரத்தில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பகல் வெளிச்சத்திலும் பல்ப் வெளிச்சத்திலும் ஒருக்கா ஒப்பிட வேண்டும், ஏனெண்டால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு சாம்பல் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து தெரியலாம். மொடல் சின்னதாகச் சின்னதாக அதே நிறம் கண்ணுக்கு இருட்டாய்ப் படும் எண்டு, பலர் கொஞ்சம் வெள்ளை கூட்டியும் கலப்பார்கள்.

இதெல்லாத்துக்கும் முதல் ஒரு கேள்விக்குப் பதில் வேணும். நீங்கள் செய்வது நூதனசாலையில் இருக்கிற பொருளையா, 1966இல் ரிவியில் தெரிந்த கப்பலையா? பச்சைச் சாம்பல் முதலாவதற்குச் சரி, நீலச் சாம்பல் இரண்டாவதற்குச் சரி. இரண்டுக்கும் ஆதாரம் இருக்கு. எந்த ஆதாரத்தைப் பின்பற்றினீர்கள், எதை எத்தனை துளி கலந்தீர்கள் எண்டு மொடலின் அடியில் ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கோ. பிறகு திருத்த வாற ஆளுக்குத் தேய்த்துப் பார்க்க வேண்டி வராது.