தமிழ் மடலாடற் குழுக்களும் வணிகமும்

ஒரே முகவரிக்கு எழுதும் மடல் உறுப்பினர் அனைவருக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு மடலாடற் குழு. தமிழில் இதற்கு முன்னோடி, மலேசியத் தமிழரான பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து 1990களின் நடுவில் நடத்திய தமிழ்.நெட். பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியதில் தமிழ்.நெட் உறுப்பினர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

2000இல், மடலாடற் குழுச் சேவை தந்த ஈகுரூப்ஸ் நிறுவனத்தை யாகூ வாங்கியது. அகத்தியர், ராயர் காபி கிளப், மரத்தடி ஆகிய தமிழ்க் குழுக்கள் யாகூ குழுமங்களாக வளர்ந்தன. வெண்பாவில் தளை தட்டினால் பத்து மடல் வரும். சண்டை மூண்டால் நூறு வரும். விலக்கிவிட மட்டுறுத்துநர் இருப்பார், சம்பளம் இல்லாமல். திஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்துக்கான எழுத்துரு இல்லாதவர் கணினியில் மடல் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். மடலின் அடியில் யாகூ ஒரு விளம்பரம் ஒட்டும். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

முதலீட்டை நம்பி வந்த தமிழ்த் தளங்களும் இருந்தன. எழுத்தாளர் சுஜாதா ஆசிரியராக இருந்த அம்பலம் இணைய இதழில் வாசகர்கள் அவரோடு அரட்டை அடித்தார்கள். அந்த இதழும் நிலைக்கவில்லை.

உண்மையான மாற்றம் முகநூலோடு வந்தது. குழுமத்தில் மடல்கள் வந்த வரிசையில் நிற்கும். பழைய இழையைத் தேடி எடுக்கலாம். முகநூலிலோ எது மேலே வரும் என்பதை, ஆளை அதிக நேரம் நிறுத்தி வைக்கும் கணக்கே பெரும்பாலும் முடிவு செய்கிறது. விளம்பர வருமானம் அதில்தான் இருக்கிறது. உறையூர் வெக்காளியம்மன் கோயிலின் பழைய படத்தை ஒருவர் போட்டால், அடுத்த வாரம் அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. சாதிச் சண்டைப் பதிவு மட்டும் தானாகவே மேலே வந்து நிற்கும். விளம்பரத்தைவிட இந்தக் கணக்குதான் குழுக்களைக் கெடுத்தது.

சேர்ந்த எழுத்தே பிறகு சரக்கானது. 2023இல் உரையாடல் தளமான ரெடிட், தன் தரவைப் பயன்படுத்தும் வெளிச் செயலிகளுக்குக் கட்டணம் விதித்தது. ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்தும் நிறுவனம் இறங்கி வரவில்லை. மறு ஆண்டே அது பங்குச் சந்தைக்கு வந்தது.

யாகூவை 2017இல் வாங்கிய வெரைசன், லாபம் தராத குழுமங்களை வைத்துக்கொள்ளவில்லை. 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. சில மாதங்களில் சேமிப்பு அழிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே மூடப்பட்டது. தமிழ் மடல்களில் எஞ்சியவை பெரும்பாலும் உறுப்பினர்கள் தம் கணினியில் வைத்திருந்தவையும் வலைப்பதிவுகளுக்கு மாற்றியவையும்தான்.