சிட்டி பிரசவ அதிர்ச்சி அளவுகோல்

பிரசவத்துக்குப் பின் தாய்க்கு ஏற்படும் மன அதிர்ச்சி நோயைக் கண்டறிய உதவும் வினாத்தாள். லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் சூசன் ஏயர்சும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கி 2018இல் வெளியிட்டனர். பெயரில் உள்ள 'சிட்டி' அந்தப் பல்கலைக்கழகத்தையே குறிக்கும். 29 வினாக்கள் கொண்டது. தாயே நிரப்பலாம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் உள்ள வரையறையை ஒட்டி அமைந்தது. பிரசவத்தின்போது தன் உயிருக்கோ குழந்தையின் உயிருக்கோ ஆபத்து என்று தாய் அஞ்சினாளா என்பதை முதலில் கேட்கிறது. பிறகு, பிரசவக் காட்சிகள் வலிய வந்து நினைவில் மோதுவது, கெட்ட கனவு, அதை நினைவூட்டுபவற்றைத் தவிர்ப்பது, குற்றவுணர்வு, எதற்கும் திடுக்கிடுவது ஆகியவை கடந்த ஒரு வாரத்தில் எத்தனை முறை நேர்ந்தன என்று கேட்கிறது. தூக்கமின்மை கைக்குழந்தை உள்ள வீட்டில் இயல்பு. அதனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

மகப்பேற்று மனைகளில் பரவலாகப் பயன்படும் எடின்பரோ அளவுகோல் (1987) மனச்சோர்வுக்கானது. அதிர்ச்சி நோய் அதன் கண்ணில் படாமல் போகலாம். அவசர அறுவை, ஆயுதப் பிரசவம், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு உள்ளான தாய்மாரிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. மருத்துவக் கணக்கில் சுகப்பிரசவம் என்று பதிவானவர்களுக்கும் அது வரும். வலியில் துடித்தபோது கிடைத்த ஏச்சும் புறக்கணிப்பும் கூடக் காரணமாகின்றன. 'குழந்தை நலம்தானே' என்ற ஆறுதல் தாயின் வாயை அடைத்துவிடுகிறது.

மதிப்பெண் மட்டும் நோயை உறுதிசெய்யாது. மனநல மருத்துவரின் நேர்காணல் வேண்டும்.