ஒரே கேள்வியில் நின்ற தேர்தல்: பம்பாய், 1957

தேர்தல் என்பது ஆளைத் தேர்ந்தெடுக்கும் காரியம் என்றே பொதுவாக நாம் எண்ணுகிறோம். ஆயினும் சில வேளைகளில் மக்கள் ஆளையும் நோக்குவதில்லை, கட்சியையும் நோக்குவதில்லை. தங்கள் உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்கு விடையாகவே வாக்கை அளித்துவிடுகின்றனர். 1957-ஆம் ஆண்டு பம்பாய் ராஜ்யத்தில் நடைபெற்ற பொதுத் தேர்தல் அத்தகையது. அதன் விளைவு பின்னாளில் அந்நகரில் குடியேறிய தமிழர் வாழ்வையும் தொட்டது. ஆதலின் அதனைச் சற்று ஆராய்வது நமக்குப் பொருத்தமாகும்.

மொழிவழி மாகாணப் பிரிவு 1920-ஆம் ஆண்டு நாகபுரியில் காங்கிரஸ் மகாசபை தன் அமைப்பிற்கு ஏற்றுக்கொண்ட கொள்கையே. விடுதலைக்குப் பின்னர் தலைவர்கள் அதில் தயக்கம் காட்டினர். 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்ததன் பின், 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர ராஜ்யம் தோன்றியது. சென்னை நகரம் எவருக்கு உரியது என்று அப்போது எழுந்த வழக்கை நாம் அறிவோம். அதே வழக்குத்தான் பன்மடங்கு பெருகிப் பம்பாயில் எழுந்தது.

பம்பாயைச் சூழ்ந்த நிலம் மராத்தி பேசும் நிலம். ஆலைகளில் உழைத்தவருள் பெரும்பாலோர் இரத்தினகிரி, சாத்தாரா முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஆனால் வாணிகத்திலும் முதலீட்டிலும் குஜராத்தியரும் பார்சிகளும் முன்னின்றனர். மராத்தி பேசுவோரே நகரில் மிகப் பெரிய பிரிவினர். எனினும் மொத்த மக்களில் பாதிக்கும் குறைவு. இதனால் நகரைத் தனியே நிறுத்தவேண்டும் என்பாரும் இருந்தனர்.

1955-இல் அறிக்கை தந்த பஸல் அலி குழு, விதர்ப்பத்தைத் தனி ராஜ்யமாக்கி, எஞ்சிய மராத்திப் பகுதிகளையும் குஜராத்தையும் ஒரே இருமொழி ராஜ்யமாக இணைக்கப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு நவம்பரிலும், பம்பாய் நகரம் மத்திய ஆட்சியில் இருக்கும் என்று நேரு அறிவித்த 1956 ஜனவரியிலும் கிளர்ச்சி மூண்டது; துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மத்திய நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் இதனை முன்னிட்டுப் பதவியைத் துறந்தார். இறுதியில் விதர்ப்பத்தையும் சேர்த்த பெரிய இருமொழிப் பம்பாய் ராஜ்யம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் அமைந்தது. மராத்தியர் மட்டுமன்றிக் குஜராத்தியரும் இதனை விரும்பவில்லை. ஆகஸ்டு மாதமே ஆமதாபாத்தில் மாணவர் குருதி சிந்தியிருந்தது.

இந்நிலையில் தேர்தல் வந்தது. 1956 பிப்ரவரியில் புனாவில் தோன்றிய சம்யுக்த மகாராஷ்டிர சமிதியில் கம்யூனிஸ்டுகள், பிரஜா சோஷலிஸ்டுகள், உழவர் தொழிலாளர் கட்சியினர், அம்பேத்கரைப் பின்பற்றியோர் ஆகியோர் கூடினர். ஜனசங்கமும் பின்னர்ச் சேர்ந்தது. பொருளாதாரம், சமயம், அயல்நாட்டுக் கொள்கை எனும் எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் இவை. பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மகாராஷ்டிரம் வேண்டும் என்ற ஒன்றே இவற்றைப் பிணைத்தது.

அவர்கள் பிரசாரம் செய்த முறையும் நோக்கத்தக்கது. ஆசாரிய ஆத்ரே ‘மராட்டா’ நாளிதழைத் தொடங்கித் தம் நகைச்சுவையால் எதிரிகளைத் திணறடித்தார். நம் நாட்டுக் கதைப்பாடலை ஒத்த போவாடா, லாவணி ஆகிய வடிவங்களில் அண்ணா பாவு சாத்தேயும் அமர் ஷேக்கும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் பாடினர். எழுத்தறியாதாரும் அப்பாடல்களால் வழக்கின் சாரத்தை உணர்ந்தனர். காங்கிரஸோ இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தையும் தேச ஒற்றுமையையும் பேசிற்று. அவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் மக்கள் கேட்ட கேள்விக்கு அவை விடையாகவில்லை.

சட்டசபையின் 396 இடங்களில் 234-ஐப் பெற்றுக் காங்கிரஸ் ஆட்சியைக் காத்துக்கொண்டது. எனினும் மேற்கு மகாராஷ்டிரத்தில் அது பெருந்தோல்வி கண்டது. முதலமைச்சர் யஷ்வந்தராவ் சவானே மிகக் குறைந்த வேறுபாட்டில் வென்றார். பம்பாயிலிருந்து டாங்கேயும், ஆமதாபாத்திலிருந்து மகாகுஜராத் இயக்கத் தலைவர் இந்துலால் யாக்னிக்கும் மக்கள் சபை சென்றனர்.

ஆட்சி மாறவில்லை, ஆயினும் ஆள்வோர் மனம் மாறிற்று. சவான் மக்கள் கருத்தை டில்லிக்கு உணர்த்தினார். 1959-இல் காங்கிரஸ் தலைவராயிருந்த இந்திரா காந்தியும் பிரிவினையை ஆதரித்தார். 1960 மே 1-ஆம் நாள் மகாராஷ்டிரமும் குஜராத்தும் தனித்தனியே உதயமாயின. அடுத்து வந்த 1962 தேர்தலில், மகாராஷ்டிரச் சட்டசபையின் 264 இடங்களில் காங்கிரஸ் 215-ஐக் கைப்பற்றியது! கேள்விக்கு விடை கிடைத்ததும் அதனால் கூடிய கட்சிகள் கலைந்தன. வாக்காளர் பழைய வழிக்குத் திரும்பினர். சமிதியின் வெற்றியே அதன் முடிவாயிற்று.

கதை இத்துடன் நின்றிருந்தால் நன்று. சமிதியின் மேடையில் பம்பாய் எந்த ராஜ்யத்தைச் சேர்வது என்பதே கேள்வி. 1966-இல் சிவசேனை தோன்றியபின், அந்நகரின் வேலைகள் எவருக்கு என்பது கேள்வியாயிற்று. சமிதித் தலைவர்களுள் ஒருவரான பிரபோதன்கர் தாக்கரேயின் மைந்தர் பால் தாக்கரேயே அதனைத் தொடங்கினார். அலுவலகங்களில் எழுத்தர்களாயிருந்த தென்னிந்தியரும், சிற்றுண்டிச் சாலை நடத்தியோரும் தாக்குதலுக்கு இலக்காயினர். வடக்குப் பம்பாயில் 1957-இலும் 1962-இலும் காங்கிரஸ் சார்பில் வென்ற கேரளத்தவர் கிருஷ்ண மேனன், 1967-இல் வடகிழக்குப் பம்பாயில் சுயேச்சையாக நின்று தோற்றார். அவர் வெளியார் என்பது அப்போது சிவசேனை எழுப்பிய முழக்கம்.

இவ்விரு பிரசாரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். முன்னது அரசிடம் ஒன்றைக் கேட்டது; சட்டம் இயற்றி அதனைக் கொடுக்க முடிந்தது; கொடுத்ததும் கிளர்ச்சி அடங்கியது. பின்னது அண்டை வீட்டானைச் சுட்டிக் காட்டியது. அவன் உழைக்கும்வரை அதற்கு முடிவேது?

நாம் பிறந்த மண்ணை விட்டு வந்திருக்கிறோம்; ஆனால் வாழும் ஊரில் நாமும் வாக்காளர்கள். அங்குள்ளோர் தம் மொழிக்கும் நிலத்திற்கும் நியாயம் கேட்கும்போது அதனைப் பகையென்று கருதி ஒதுங்குவது நமக்கு அழகன்று. சென்னைக்காக நாமும் அவ்வாறே கேட்டோமல்லவா? அதே வேளையில், நியாயம் கேட்கும் குரல் மனிதரை விலக்கும் குரலாக மாறும் இடத்தை அடையாளங் காணவும் வேண்டும். வாக்களிக்குமுன் நாம் செய்யத்தக்க ஆராய்ச்சி அதுவே.