நாகையில் நாம் காணாத கோபுரம்

'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் நாகப்பட்டினத்திற்குச் சென்றால் முதலில் தேடுவது ஒன்றைத்தான். நச்சுக் காய்ச்சலில் துவண்டு கிடந்த அருள்மொழிவர்மரைப் புத்த பிக்குகள் மறைத்துவைத்துக் காத்த சூடாமணி விகாரம் எங்கே? கல்கியின் கதையோடு வளர்ந்த நாமும் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நாகைக்குச் சென்றோம். வழியில் விசாரித்தவர்களுள் சிலர் காயாரோகணேசுவரர் கோயிலுக்கு வழி சொன்னார்கள். சிலர் நாகூர் செல்லும் பேருந்தைக் காட்டினார்கள். விகாரத்திற்கு வழி சொல்ல எவராலும் இயலவில்லை. இல்லாத ஒன்றுக்கு எப்படி வழி சொல்வது?

விகாரத்தின் கதையைச் சொல்ல நமக்குக் கிடைத்திருக்கும் முதல் சான்று ஆனைமங்கலச் செப்பேடுகள். கடாரத்து அரசர் சூளாமணிவர்மர் தொடங்கி, அவர் மகன் மாற விஜயோத்துங்கவர்மர் நிறைவேற்றிய பௌத்தப் பள்ளிக்கு, நாகைக்கு அருகிலுள்ள ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை முதலாம் இராஜராஜர் தம் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006ஐ ஒட்டி, பள்ளிச்சந்தமாக வழங்கினார். தந்தையின் வாய்மொழி ஆணையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவர் இராஜேந்திரர். மொத்தம் 21 ஏடுகள். 5 வடமொழியில், 16 தமிழில். கட்டியவர் கடல்கடந்த பௌத்த மன்னர், நிலம் கொடுத்தவர் சைவச் சோழர். கல்கியின் கதை நிகழும் காலத்திற்குச் சில பத்தாண்டுகள் பிந்தையது இந்தக் கொடை என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

கொடை ஒருவழிப் பாதையாகவும் இல்லை. காயாரோகணர் கோயிலின் இராஜேந்திரர் காலக் கல்வெட்டுகள், ஸ்ரீவிஜய மன்னரின் அதிகாரி அக்கோயிலின் வெள்ளித் திருமேனிக்கு அணிகலன்கள் அளித்ததைக் கூறுகின்றன. 'சீனக்கனகம்' என்று ஒரு பொன் அங்கே குறிக்கப்படுகிறது! அந்த ஒரு சொல்லில் நாகைத் துறைமுகத்தின் வீச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது.

கி.பி. 1025இல் இதே இராஜேந்திரரின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. இரு அரசுகளும் போரிட்டபின் கடாரத்தான் கட்டிய பள்ளிக்கு நாகையில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று நாம் ஐயுறலாம். 1090இல் முதலாம் குலோத்துங்கர் கடாரத்துத் தூதர்களின் வேண்டுகோளை ஏற்று இப்பள்ளிக்குரிய ஊர்களுக்கு வரிநீக்கம் அளித்திருக்கிறார். 3 ஏடுகள் கொண்ட சிறிய செப்பேட்டுத் தொகுதி அதற்குச் சான்று. போர் முடிந்தது, பள்ளி நிலைத்தது. பிற்காலத்தில் டச்சுக்காரர் வழியாக இவ்விரு தொகுதிகளும் ஐரோப்பா சென்று லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்ததால் இவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்ற பெயரும் ஏற்பட்டது.

ஆவணம் கடல்கடந்து சென்று பிழைத்தது. கட்டடம்?

நாகைக்கு வடக்கே, ஆய்வாளர்கள் பலர் அந்தப் பௌத்தப் பள்ளிகளுள் ஒன்றன் எச்சமெனக் கருதும் செங்கற் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலும் நின்றது. உள்ளூரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஐரோப்பியர் சீனக் கோயில் என்றார்கள். கரையை நெருங்கும் கப்பல்களுக்கு அது அடையாளம். 1846இல் அதைப் பார்த்த வால்டர் எலியட், நாற்சதுரமான, மூன்று நிலைகள் கொண்ட கட்டடம் என்றும், காரையின்றி இறுக்கமாக அடுக்கப்பட்ட செங்கற்கள் என்றும் விவரிக்கிறார். கூரை இல்லை, உச்சி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

1859இல் இயேசு சபையினர் அதை இடித்து, அந்தச் செங்கற்களைத் தங்கள் கல்லூரிக் கட்டடத்திற்குப் பயன்படுத்திக்கொள்ள அரசிடம் அனுமதி கேட்டார்கள். 1867இல் சென்னை அரசு அனுமதித்தது. நாகையிலிருந்து திருச்சிக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்ட காலம் அது! படையெடுப்பில்லை, மதவெறியின் ஆரவாரமில்லை. ஒரு விண்ணப்பம், ஓர் ஆணை, அவ்வளவுதான். 1883இல் அந்தக் கல்லூரியும் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்தது. கோபுரம் போய் 16 ஆண்டுகளில், அது எதற்காகப் போயிற்றோ அதுவும் ஊரைவிட்டுப் போயிற்று.

மண்ணுக்குள் இருந்தவை மட்டும் ஆணைக்குக் கட்டுப்படவில்லை. 1856 தொடங்கி 1930கள் வரை நாகையில், குறிப்பாக வெளிப்பாளையம் பகுதியில், ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் பல எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. சோழர் காலத்தோடு முடியாமல், அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த படிமங்களும் அவற்றில் உண்டு. நாம் எண்ணியதைக் காட்டிலும் நெடுங்காலம் நாகையில் புத்தருக்கு விளக்கேற்றியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

அன்று மாலை நாகூர் தர்காவின் முன் நின்றோம். ஐந்து மினாராக்களுள் உயர்ந்ததான 131 அடி மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இங்கும் ஒரு சமயத்தவரின் கொடையில் மற்றொரு சமயத்தவரின் கோபுரம்! 1006இன் கதையே மீண்டும் நிகழ்ந்ததுபோல் இருந்தது. ஆனால் இது நிற்கிறது, அது இல்லை. நீலாயதாட்சி அம்மன் கோயில் நிற்கிறது. டச்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புனித பீட்டர் தேவாலயமும் நிற்கிறது. ஏன்? இவற்றுக்கு நாள்தோறும் வந்துபோகும் மக்கள் இருக்கிறார்கள். செங்கல் ஒன்று பெயர்ந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. புதுவெளிக் கோபுரத்திற்கு வழிபடுவோர் இல்லை; ஆகவே அது அரசின் பார்வையில் செங்கற்குவியலாகிவிட்டது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆகவே நாகையில் எது காணாமற்போனாலும் கடலைச் சொல்லிவிடத் தோன்றும். கோபுரத்தைக் கொண்டுபோனது கடலன்று. 'எங்களுடையது' என்று சொல்ல எவரும் முன்வராத மௌனம்தான்.

நம் ஊர்களிலும் அப்படிப்பட்ட கட்டடங்கள் உண்டு: பூசையற்ற கோயில், பயணிகள் தங்காத சத்திரம், வரவு குறைந்த மண்டபம். எலியட் பார்த்ததற்கும் இடிக்க அனுமதி கிடைத்ததற்கும் இடையே 21 ஆண்டுகள் இருந்தன. கோபுரம் எப்படியிருந்தது என்று இன்று நாம் ஓரளவேனும் அறிவது, யாரோ ஒருவர் அன்று நின்று பார்த்துக் குறித்துவைத்ததால்தான். ஊர் திரும்பியதும் நாம் செய்த முதல் வேலை, எங்கள் தெருமுனைச் சத்திரத்தின் தூண்களை எண்ணி, அளந்து, எழுதிவைத்ததே.