மனோரமா

மனோரமா (26.5.1937 – 10.10.2015) தமிழ் நாடக, திரைப்பட நடிகை. மன்னார்குடியில் பிறந்த இவருடைய இயற்பெயர் கோபிசாந்தா. தந்தை குடும்பத்தைக் கைவிட்டதால், தாய் ராமாமிர்தம் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் வீட்டுவேலை செய்து மகளை வளர்த்தார். வறுமையால் படிப்பு பாதியில் நின்றது. ஏறத்தாழ 12 வயதில் நாடக மேடை ஏறினார். மனோரமா என்ற பெயர் அங்கே வைக்கப்பட்டதுதான். செட்டிநாட்டில் வளர்ந்தவர் என்பதால் பின்னாளில் திரையுலகமே அவரை 'ஆச்சி' என்று அழைத்தது.

எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில், மு. கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' நாடகம் இவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) முதல் படம். அதிலேயே நகைச்சுவை வேடம். 'கொஞ்சும் குமரி' (1963) படத்தில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் அவர் நிலைத்தது நகைச்சுவையில்தான்.

அதுவரை தமிழ்ப் படங்களில் நகைச்சுவை நடிகை பெரும்பாலும் நகைச்சுவை நடிகருக்கு ஜோடியாகவே வருவார். டி.ஏ. மதுரம் போன்ற பெருங்கலைஞரைக்கூட என்.எஸ். கிருஷ்ணனோடு சேர்த்தே நினைக்கிறோம். மனோரமாவும் நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று பலருக்கு ஜோடியானார். ஜோடிகள் மாறினார்கள், இவர் இடம் மாறவில்லை. அதற்குக் காரணம் அவருடைய நாக்கு. எந்த வட்டாரப் பேச்சையும் அந்த ஊர்க்காரர் போலவே பேசுவார். 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் பாடிய பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது.

அதே ஆண்டு ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் 'தில்லானா மோகனாம்பாள்' வெளிவந்தது. அதில் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக, சிவாஜி கணேசனும் பத்மினியும் நிறைந்திருக்கும் கதைக்குள் நுழைந்து, வரும் காட்சிகளையெல்லாம் தன்னுடையதாக்கிக்கொண்டார். ஊர் ஊராக நாடகம் போட்ட அனுபவம் அந்த வேடத்தின் பேச்சிலும் குழைவிலும் வெள்ளந்தித்தனத்திலும் தெரிகிறது. அவருடைய ஆகச் சிறந்த வேடம் இதுவே.

'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக, வீட்டுப் பெண்ணின் மாமனாரோடு மல்லுக்கு நிற்கும் காட்சியில் சிரிப்பு ஒரு கருவிதான்; அடியில் இருப்பது அந்தக் குடும்பத்தின் மேலுள்ள பாசம். பார்த்திபனின் 'புதிய பாதை' (1989) சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் துருத்திய பல்லோடு விஜயகாந்தின் தாயாக வந்தார். நகைச்சுவையில் பழகிய நேரக் கணிப்புதான் அழுகைக் காட்சிகளிலும் அவருக்குக் கைகொடுத்தது.

நடிகர் மெஹ்மூத்துடன் 'குன்வாரா பாப்' (1974) என்ற இந்திப் படத்திலும், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளிலும் நடித்தார். அண்ணா, கருணாநிதியுடன் மேடையிலும், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவுடன் திரையிலும் நடித்ததால், முதலமைச்சர்கள் ஐவரோடு நடித்தவர் என்ற பெருமை இவருக்கு உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்ததற்காகக் கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றார். தமிழக அரசின் கலைமாமணி விருதையும், 2002இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார்.