ஜீப்பும் அதன் எஞ்சினும்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

மார்க்கையன்கோட்டையில் நண்பர் ஒருவரின் வீட்டுத் தொழுவத்தில் ஒரு ஜீப் நிற்கிறது. 1968-இல் பதிவான வண்டி. அவருடைய தந்தையாரை ஏலத்தோட்டத்துக்கு ஏற்றி இறக்கியது. அதன் பெட்ரோல் எஞ்சின் இறுகிப்போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதையே புதுப்பிப்பதா, கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துவதா என்பது அவர் வீட்டில் தீராத வழக்கு. தமிழாசிரியனாகிய என்னிடமும் கருத்துக் கேட்டார். எனக்குத் தெரிந்த வழி, வரலாற்றைப் புரட்டுவதுதான்.

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின. வில்லிஸ் நிறுவனத்தின் எஞ்சின் அறுபது குதிரைத்திறன் கொண்டது. கொள்ளளவு ஏறத்தாழ 2.2 லிட்டர். போருக்குப் பின் அதே அடிப்பகுதியை வைத்துக்கொண்டு, உள்ளிழுக்கும் வால்வை மட்டும் மேலே ஏற்றி 'ஹரிகேன்' எஞ்சினை உருவாக்கினர். எஞ்சினின் உயரம் கூடியதால் 1953-இல் வந்த சிஜே-3பி மாதிரியின் முகப்பையே உயர்த்த வேண்டியதாயிற்று. மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்த ஜீப் அதுவே. எஞ்சினுக்காக உடல் மாறிய வரலாறு இதன் பிறப்பிலேயே இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கி மலைக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என மூன்று வழிகள். விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு அவ்வழிகளில் ஏறுபவை ஜீப்புகளே. கூலிக்கு ஓடும் வண்டிக்கு எரிபொருள் செலவே உயிர்நாடி. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் எட்டாக்கனியானது. 1979-இல் மகிந்திரா பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் 'எக்ஸ்டிபி 4.90' டீசல் எஞ்சினுக்கு உரிமம் பெற்றது. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதே அப்பெயரின் பொருள். நாடெங்கும் பழைய ஜீப்புகள் பெட்ரோல் எஞ்சினை இறக்கி டீசலுக்கு மாறின.

இதை மரபுக்குத் துரோகம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஏடு செல்லரித்தால் நம் முன்னோர் புதிய ஓலையில் படியெடுத்தனர், நூல் பிழைத்தது. எஞ்சின் மாறியதால்தான் பல ஜீப்புகள் இரும்புக்கடைக்குப் போகாமல் தப்பின.

ஆயினும் நண்பரின் வழக்கு வேறு. அவருடைய வண்டி இனிக் கூலிக்கு ஓடப்போவதில்லை. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு அறிவித்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவிலேயே பேணப்பட்ட வண்டி 'விண்டேஜ்' வண்டியாகப் பதிவு பெறலாம். 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். சட்டகத்தையோ கூட்டையோ எஞ்சினையோ மாற்றியமைத்திருந்தால் அத்தகுதி இல்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் அவ்வண்டியை ஓட்டவும் கூடாது. தொழிலுக்கான வண்டி வேறு, நினைவுக்கான வண்டி வேறு என்று சட்டமே பிரித்துவிட்டது.

எனவே முதலில் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். பிளாக்கில் வெடிப்பு இருக்கிறதா, சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கிராங்க் எந்த நிலையில் உள்ளது என்று லேத் பட்டறையில் அளந்து சொல்வார்கள். தேய்மானம் மட்டும்தான் என்றால் சிலிண்டரைக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போடலாம். எல்லை மீறித் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் இறக்கலாம். ஒட்டவே முடியாத வெடிப்பு என்றால் அதே வகையில் வேறொரு எஞ்சினைத் தேடலாம். அதற்கும் போக்குவரத்து அலுவலகத்தின் முன்அனுமதி வேண்டும். டீசல் என்பது இவையெல்லாம் கைவிட்ட பிறகு வரவேண்டிய பேச்சு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். டீசல் எஞ்சினை என்று வேண்டுமானாலும் பொருத்தலாம். ஆனால் இறக்கிய பழைய எஞ்சின் எடைக்குப் போய்விட்டால் திரும்பி வராது. எம்முடிவு எடுத்தாலும் அது தொழுவத்திலேயே இருக்கட்டும்.

நண்பர் தலையசைத்தார். அவர் தாயார் மட்டும், "அப்பா போட்ட சத்தம் திரும்பக் கேட்குமா தம்பி?" என்று கேட்டார். தந்தையார் ஜீப்பைக் கிளப்பும்போது எழும் சத்தத்தைச் சொல்கிறார் என்று புரியச் சற்று நேரமாயிற்று. டீசலில் அது கேட்காது.